நான் கேட்டுக்கொண்டிருந்த நாற்பது வினாடிகள்

அண்ணை,

போன செவ்வாய்க்கிழமை மகள் என்னைக் காது பரிசோதிக்கக் கூட்டிக்கொண்டு போனாள். சிட்னியில், கிரவீனில் எங்கள் வீட்டிலிருந்து காரில் ஐந்து நிமிடம். அலுமாரி அளவில் ஓர் அறை. கதவைச் சாத்தியதும் தெருவில் ஓடிய வாகனங்களின் இரைச்சல் கத்தரித்தாற்போல் நின்றது. தலையில் பெரிய ஹெட்போன் ஒன்றை மாட்டிவிட்டார்கள். காதை மூடிய அந்த ரப்பரின் மணம் மூக்கில் ஏறியவுடனேயே நீங்கள் வந்துவிட்டீர்கள்.

பரிசோதனை செய்தவள் யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் பிள்ளை, இங்கேயே பிறந்தவள். "அன்ரி, பீப் சத்தம் கேட்டா இந்த பட்டனை அமத்துங்கோ. மெல்லிசாக் கேட்டாலும் ஓகே," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு அப்பால் போய் இருந்தாள். அவள் தன் பக்கத்துப் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அவளுடைய வலது தோள் ஒரு நூலளவு அசைந்தது. நான் அதைக் கண்டுவிட்டேன். அப்படிப் பார்க்கலாம் என்று எனக்குச் சொன்னவர் நீங்கள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பரிசோதனை முடிந்ததும் ஒரு தாளைக் காட்டினாள். இடப்பக்கம் நேராக வந்த கோடு வலப்பக்கம் போகப் போகச் சரிந்து கீழே விழுந்திருந்தது. "உயர்ந்த சுருதிகள் நல்லாக் குறைஞ்சிட்டுது அன்ரி. வயசுக்கு இது நோர்மல்." நான் தலையாட்டினேன். நீங்கள் போய் ஒன்றரை வருடமாகிறது. முழங்கால் சத்திரசிகிச்சை செய்து படுத்திருந்ததால் சிட்னியிலிருந்து மெல்பேணுக்கு உங்கள் செத்தவீட்டுக்குக்கூட வர முடியவில்லை. உங்கள் வீட்டுக்கார அக்காவுடன் தொலைபேசியில் அழுததோடு சரி. பரிசோதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கொப்பி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். எழுதத் தொடங்க இவ்வளவு நாள் பிடித்திருக்கிறது.

நாங்கள் சந்தித்த நாள் உங்களுக்கு ஞாபகமிருக்கும். எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேணில் அந்த வானொலிக் கட்டடத்தில் நான் இசை நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்தில் கடைசிச் சோதனை வரைக்கும் பியானோ படித்தவள் என்பதால் அந்த வேலை கிடைத்தது. இசைக்குழு வாசிக்கும் தாள்களை அடுக்குவது, முத்திரை குத்துவது, கிழிந்த ஓரங்களை ஒட்டுவது. அந்தக் கட்டடத்தில் தமிழ் கேட்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ஒருநாள் லிஃப்டுக்குள் நிற்கிறேன். கம்பிச் சுருள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நீங்கள் நுழைகிறீர்கள். கதவு சுருளோடு சேர்த்து உங்கள் கையையும் கடித்துவிட்டது. "சனியனே!" என்றீர்கள். நான் சிரித்துவிட்டேன்.

"தமிழா?"

"ஓம்."

"ஓமா? அது எந்த ஊர் ஓம்?"

அந்தக் கேள்வியோடு தொடங்கியதுதான். நான் "அண்ணை" என்று கூப்பிட்டதும், "அண்ணைன்னா? அண்ணனையா? யாரை என்ன பண்ணணும்?" என்று கேட்டு ஒரு வாரம் கேலி செய்தீர்கள். பிறகு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. உங்கள் பிள்ளைகளுக்கு முன்னாலும் நான் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

திருச்சியில் வானொலியில் ஒலிப்பொறியாளராக இருந்தவர் நீங்கள். இங்கே வந்தபோது உங்கள் சான்றிதழ்களை ஒருவரும் மதிக்கவில்லை. டாண்டனோங் பக்கம் கார்களுக்குத் தகடு அடித்து வளைக்கும் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு வருடம் நின்றீர்கள். அதற்குப் பிறகுதான் இந்த வேலை. இசைக்குழு வாசிப்பதை ஒலிவாங்கிகளில் பிடித்து, எது கூட, எது குறைய என்று அளவு பார்த்து, வானலைக்கு அனுப்பும் வேலை. "திரும்ப என் கதிரைல உக்காந்துட்டேன்," என்று சொல்வீர்கள். கதிரை என்ற சொல்லை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள்.

அந்த ஆண்டு இசைக்குழு ஓர் அமெரிக்க இசையமைப்பாளரின் மூன்று படைப்புகளை வாசிப்பதென்று முடிவாகியிருந்தது. உயிரோடிருக்கும் மனிதர், குளிர் கூடிய ஏதோ ஓர் ஊரில் கல்லூரியில் படிப்பித்துக்கொண்டு எழுதுபவர். அவருடைய தாள்கள் விமானத் தபாலில் வந்தபோது பிரித்து அடுக்கியது நான்தான். பக்கங்கள் பெரும்பாலும் வெறுமையாக இருந்தன. பத்துப் பேர் ஒன்றுமே செய்யாமல் காத்திருப்பார்கள். பதினோராவது ஆள் ஒரு சுரத்தை வாசித்துவிட்டு நிறுத்துவான். எந்த வாத்தியம் எப்போது நுழையும் என்று காதால் ஊகிக்க முடியாது. ஆகவே தாள் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பொறியாளருக்குப் பக்கத்தில் இருந்து முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று எங்கள் மேலதிகாரி தீர்மானித்தார். என்னை அனுப்பினார். நூலகத்தின் தூசியிலிருந்து எழும்பி, இசைக்குழு வாசிக்கும் மண்டபத்தின் கீழ்த்தளத்தில் உங்களுடைய சின்ன அறைக்கு வந்தேன். யன்னல் இல்லாத அறை. இரண்டு பெரிய ஒலிபெருக்கிகள், வரிசையாகக் குமிழ்கள், சத்தத்தின் அளவைக் காட்டும் முள்கள். மேலே மேடையில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. காதுதான் எல்லாம்.

முதல் படைப்பு நரம்பு வாத்தியங்களுக்கு மட்டும். ஒத்திகை தொடங்கிச் சில நிமிடங்களில் ஒலிபெருக்கியில் ஒரு மெல்லிய சீழ்க்கைச் சத்தம். எங்கேயோ ஓர் இணைப்புச் சரியில்லை. தண்ணீர் கொதிக்கிற கேத்தில் போல இழுத்துக்கொண்டே இருந்தது. நீங்கள் திருத்துவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் முள்களைப் பார்த்தபடி அமைதியாக இருந்தீர்கள்.

"அண்ணை, அந்தச் சீழ்க்கைச் சத்தம்..."

"எந்தச் சத்தம்?"

உங்கள் முகம் அன்று போன போக்கை நான் மறக்கவில்லை. உடனே குமிழ்களை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கினீர்கள். கண் மட்டும் குமிழில் இல்லை. என் முகத்தில் இருந்தது.

"போச்சா?"

"இல்லை."

"இப்ப?"

"ஓம். இப்ப போயிட்டுது."

மதியம் ஆற்றங்கரையில் வாங்குப் பலகையில் இருந்து சாண்ட்விச் சாப்பிட்டோம். நீங்கள் உங்களுடையதைப் பிரிக்கவேயில்லை. "காலைல ஏழு மணிலேர்ந்து மூணு மணி வரைக்கும் காதுப் பக்கத்துல இடி விழுந்தா எப்படியிருக்கும்? ரெண்டு வருஷம். பஞ்சு வச்சா ஃபோர்மன் சிரிப்பான்," என்றீர்கள். "கீழ எல்லாம் கேக்குதும்மா. செல்லோ, பேஸ், டிரம், நீங்க பேசுறது எல்லாம். மேலதான் இல்ல. வயலின் உச்சிக்குப் போச்சுன்னா வில்லு மட்டும் ஆடுற மாதிரி இருக்கு."

"வேலைக்கு எடுக்கேக்க காது பாக்கேல்லையா?"

அப்போதுதான் அந்தத் தோளைப் பற்றிச் சொன்னீர்கள். பரிசோதித்தவர் கண்ணாடிக்கு அப்பால் எதிரே இருந்தாராம். பொத்தானை அழுத்தும்போது அவருடைய தோள் அசைந்ததாம். "ஏமாத்துதான். தெரியும். ஆனா இருபது வருஷமா இதுதானே நான். இத விட்டா இந்த ஊர்ல எனக்கு என்ன பேரு? யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா."

நான் சொல்லவில்லை. உங்கள் மேல் இருந்த இரக்கத்தால் என்று அன்று என்னை நானே நம்பவைத்தேன். இரக்கம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் உங்கள் பக்கத்துக் கதிரை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. நீங்கள் எழும்பினால் நானும் எழும்பி முத்திரை குத்தப் போக வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த வேலை. என் வலது கை மேசையின் விளிம்பில் இருக்கும். உயர்ந்த சத்தங்கள் வரப்போகின்றன என்றால் சுட்டுவிரல் எழும். அவை கூடினால் விரல் உயரும், குறைந்தால் தாழும். கை மேசையை விட்டு இறங்கினால் எல்லாம் முடிந்தது, மூடலாம் என்று பொருள். சில வாரங்களில் நீங்கள் என் கையைப் பார்ப்பதே மற்றவர்களுக்குத் தெரியாத அளவுக்குப் பழகிவிட்டோம். மேலே உங்களுக்கு இல்லாததை நான் தந்தேன். கீழே உங்களுக்குக் கேட்டதோ வேறு ஒருவருக்கும் கேட்கவில்லை. எட்டுப் பேர் நின்றுகொண்டு வாசிக்கும் அந்தப் பெரிய பேஸ் வாத்தியங்களை நீங்கள் எடுத்து வைக்கும் விதமே தனி. தரைக்குள்ளிருந்து சத்தம் வருவது போல இருக்கும்.

இரண்டாவது படைப்பின் ஒலிநாடாவை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். இசையமைப்பாளர் மேலதிகாரிக்கு எழுதிய பதிலில் உங்களுக்கென்று ஒரு வரி இருந்தது. என் பேஸ் வாத்தியங்களை எந்த வானொலியும் இவ்வளவு நேர்மையாகக் கேட்டதில்லை, அந்தப் பொறியாளருக்குச் சொல்லுங்கள் என்று. அந்தக் கடிதத்தை நான்தான் உங்களிடம் கொண்டுவந்து தந்தேன். நாலு முறை வாசித்தீர்கள். "நேர்மையாவா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். சிரிப்பு நடுவில் நின்றுவிட்டது.

மூன்றாவது படைப்புக்கு அவரே வந்தார். ஒல்லியான உயரமான மனிதர், முழங்கை தேய்ந்த சாம்பல் நிற ஸ்வெட்டர். ஒத்திகைக்கு இடையில் கீழே இறங்கி எங்கள் அறைக்கு வந்து உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு ஒரு வேண்டுகோள் வைத்தார். இந்தப் படைப்பு முடிந்ததும் வானொலியில் கைதட்டல் கேட்கக் கூடாது. கடைசிச் சுரம் நின்ற பிறகு இசைக்குழுவை நடத்துபவர் கைகளைச் சில வினாடிகள் இறக்காமல் வைத்திருப்பார். அந்த அமைதிக்குள் மண்டபத்து மைக்குகளை மூடிவிட வேண்டும். வீட்டில் கேட்பவர்களுக்கு அது அமைதியிலேயே முடியட்டும் என்றார். நீங்கள் "நிச்சயமாக" என்றீர்கள்.

அந்த முடிவு எப்படிப்பட்டது என்று எங்களுக்குத் தெரியும். முழு இசைக்குழுவும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். கடைசியில் பேஸ்கள் மட்டும். பிறகு அவையும் நின்றுவிட, கடைசி வரிசையில் இருக்கும் ஒரேயொரு வயலின் மட்டும் மிக உயரத்தில், மிக மெதுவாக, வில் தீரும்வரை ஒரு சுரத்தை இழுக்கும். எவ்வளவு நேரம் என்று தாளில் எழுதவில்லை. வில் தீரும்வரை என்றுதான் எழுதியிருந்தது. ஒத்திகையில் ஒருமுறை பதினைந்து வினாடி வந்தது, ஒருமுறை முப்பது. கடிகாரத்தை நம்ப முடியாது. முள்ளும் அசையாது, அவ்வளவு மெல்லிய சத்தம். அந்த இடத்தில் உங்களுக்கு என் கையைத் தவிர வேறு ஒன்றுமில்லை.

"பயமா இருக்கா அண்ணை?"

"நீங்க இருக்கீங்கல்ல," என்றீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். நேரடி ஒலிபரப்பு. அறிவிப்பாளர் நகரின் மறுபக்கத்தில் நிலையத்தில் இருந்தார். நீங்கள் மைக்குகளை மூடிச் சமிக்ஞை கொடுத்தால் அவர் பேசத் தொடங்குவார். எல்லாம் நன்றாகவே போனது. அரை மணி நேரத்துக்கும் மேல் நாங்கள் ஒரு பிழையும் விடவில்லை. பேஸ்கள் நின்றன. வயலின் தனித்தது. என் விரல் எழுந்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒத்திகைகளில் அந்த இடம் வரும்போது என் கவனம் முழுவதும் விரலில்தான் இருக்கும். அன்று அந்த வாத்தியக்காரருக்கு என்ன நேர்ந்ததோ, அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நான் என் வேலையை மறந்தேன். நான் இருக்கும் இடத்தை மறந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன் என்பதுகூட எனக்குத் தெரியாது. கை மேசையிலிருந்து நழுவி மடியில் விழுந்ததும் தெரியாது.

சத்தம் நடுவில் அறுந்தது. கண்ணைத் திறந்தேன். உங்கள் கைகள் குமிழ்களைக் கீழே இறக்கியிருந்தன. சமிக்ஞை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளரின் குரல், நீங்கள் கேட்டது என்று தொடங்கி, அந்த அமெரிக்கரின் பெயரைச் சொன்னது. அறைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. படிக்கட்டு வழியாக மேலேயிருந்து அந்த வயலின் இன்னும் வந்துகொண்டிருந்தது.

"இன்னும் முடியேல்லை," என்றேன்.

"என்ன?"

"முடியேல்லை அண்ணை. இன்னும் வாசிக்கினம்."

நீங்கள் குமிழைத் தொட்டீர்கள், பிறகு கையை எடுத்துவிட்டீர்கள். அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருந்தார். ஒன்றும் செய்வதற்கில்லை. அந்த வயலின் நின்ற கணத்தை நான் மட்டும் கேட்டேன். பிறகு கூரையே அதிர்ந்தாற்போல் கைதட்டல். அது உங்களுக்கும் கேட்டது.

அந்த அமெரிக்கர் கீழே இறங்கி வந்தார். யாரோ தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். கோபமாக வருவார் என்று நினைத்தேன். அவர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, என்ன நடந்தது என்று உங்களைக் கேட்டார். "என் தவறு. முடிந்துவிட்டது என்று நினைத்தேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. மண்டபத்திலேயே பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "பாவம்," என்பதுபோல் ஏதோ சொன்னார். அந்தச் சுரத்தைச் சொன்னாரா, உங்களைச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை.

நாற்பது வினாடி நின்றது என்று மறுநாள் சொன்னார்கள். வானொலியில் போனது பன்னிரண்டு.

திங்கட்கிழமை மேலதிகாரி உங்களைக் கூப்பிட்டார். கடைசிச் சத்தம் உங்களுக்குக் கேட்டதா இல்லையா என்று நேராகவே கேட்டாராம். அந்த வாரமே காது பரிசோதனை. இம்முறை பரிசோதித்தவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தார். அதற்குப் பிறகு எல்லாம் மரியாதையாகவே நடந்தது. அதுதான் உங்களுக்கு அதிகம் வலித்தது என்று அக்கா பிறகு எனக்குச் சொன்னார். நகரத்துக்கு வெளியே ஒலிபரப்புக் கோபுரம் நிற்கும் இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முள்களைப் படித்தால் போதும், காது வேண்டாம். பதினெட்டு வருடம் அந்த வெளிக்குக் காரோட்டிக்கொண்டு போய்வந்தீர்கள். மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே, பேச ஆளில்லாத ஒரு தகரக் கட்டடம். நாங்கள் இசையை அனுப்பினோம். நீங்கள் அது கேட்கவேண்டியவர்களுக்குப் போய்ச் சேருகிறதா என்று முள்ளைப் பார்த்தீர்கள்.

உங்கள் கதிரைக்கு வேறொருவர் வந்தார். அவருக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்டது. ஆனாலும் பக்கத்தில் தாள் வாசிக்க ஆள் இருப்பது வசதி என்றார். நான் அங்கேயே இருந்தேன்.

நீங்கள் மாறிப்போன பிறகு, சந்திக்கும்போதெல்லாம் வேறு கதை பேசினோம். பிள்ளைகளின் படிப்பு, உங்கள் நோபல் பார்க் வீட்டின் பின்வளவில் நிற்கும் எலுமிச்சை, எண்பத்திமூன்று கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து வந்து சேர்ந்த என் சகோதரர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் பேச்சில் வந்ததேயில்லை. நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் நானாகவே வந்தேன். அக்கா குசினியில் இருந்தார்; அவரும் சமையலறையைக் குசினி என்றுதான் சொல்லப் பழகியிருந்தார். நீங்கள் இரண்டு காதிலும் கருவி போட்டிருந்தீர்கள். நான் இருந்ததும் சொல்லிவிட்டேன்.

"அண்ணை, அண்டைக்கு பிழை விட்டது நான். கை எப்பிடி இறங்கினதெண்டு நான் உங்களுக்கு ஒருநாளும் சொல்லேல்லை. தெரியாமத்தான்."

"தெரியும்," என்றீர்கள்.

"என்ன தெரியும்?"

"கை இறங்குச்சு. சரி முடிஞ்சுதுன்னு மூடப் போனேன். ஒரு சந்தேகம் வந்து உங்க முகத்தப் பாத்தேன். கண்ண மூடிட்டு இருந்தீங்க. முடிஞ்ச பிறகுதானே மனுஷங்க அப்படி உக்காந்திருப்பாங்கன்னு நினைச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. நீங்கள் அதைக் கவனிக்காதவர் போல எழும்பி யன்னலைச் சாத்தினீர்கள். தெருவில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து, என் வாயைப் பார்க்க வசதியாகக் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு கேட்டீர்கள்.

"அது எப்படி இருந்துச்சு? சொல்லுங்க. ஒத்திகைல கேக்கல, அன்னிக்கும் கேக்கல. இந்த மெஷின்லயும் கேக்காது. நீங்கதான் சொல்லணும்."

சொல்ல முயற்சி செய்தேன்.

"அது பாட்டில்லை. ஒரே ஒரு சுரம். முதல்ல வில்லு நரம்பில படுற சத்தம் தெரியும். பிறகு அதுவும் இல்லாமப் போகும். கூடுறதும் இல்லை, குறையிறதும் இல்லை. ஒராள் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற மாதிரி. நாங்களும் பிடிச்சுக்கொண்டிருப்பம், அது விட்டாத்தான் விடலாம்."

"பிற்பாதி?"

"அதைக் கதவுக்குள்ளாலதான் கேட்டனான். தூரத்தில. கடைசியில கொஞ்சம் நடுங்கினது. அந்த மனுசனுக்குக் கை களைச்சிருக்கும்."

"நடுங்குச்சா?" என்று முன்னால் குனிந்தீர்கள். "நெஜமாவா?"

"ஓம். கொஞ்சம்."

நீங்கள் கதிரையில் சாய்ந்து சிரித்தீர்கள். நான் பல வருடங்களாகப் பார்க்காத சிரிப்பு. "அது நல்லாருக்கு," என்றீர்கள். "அது ரொம்ப நல்லாருக்கும்மா." அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து, என்ன சிரிப்பு என்று கேட்டார். நீங்கள் அவருக்கு விளக்கத் தொடங்கினீர்கள். கையை உயர்த்தி வில்லைப் பிடித்து இழுத்து, கடைசியில் விரல்களை மெல்ல நடுக்கிக் காட்டினீர்கள், நீங்களே அதைக் கேட்டவர் போல.

அன்றோடு எல்லாம் பேசித் தீர்ந்துவிட்டது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் வீட்டுக்கு வந்தேன். ஆனால் ஒன்றைச் சொல்லவில்லை.

அந்தத் திங்கட்கிழமை, மேலதிகாரி உங்களைக் கூப்பிடுவதற்கு முன், நான் ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். பிழை என்னுடையது, கையை இறக்கியது நான் என்று. அதை உங்களிடம் கொண்டுவந்து காட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். வானொலிக் கட்டடத்தில் உங்கள் பட்டறையில் ஒரு மைக்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இருந்தீர்கள். வாசித்தீர்கள். நாலாக மடித்தீர்கள். "வேணாம்மா. கையைப் பாத்துதான் நான் வேலை செஞ்சேன்னு இதுல இருக்கு. குடுத்தா ரெண்டு பேரும் போவோம். குடுக்கலன்னா ஒருத்தர்தான். காது எப்படியும் திரும்பி வராது," என்று சொல்லி உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள். நான் அழுதேன். என் மனம் எவ்வளவு நல்லது என்று அன்று நீங்கள் அக்காவிடம் சொன்னீர்களாம். அக்கா அதை உங்கள் செத்தவீடு முடிந்த மறுநாளும் தொலைபேசியில் திருப்பிச் சொன்னார்.

அண்ணை, மேலதிகாரியின் அறை என் மேசையிலிருந்து பத்தடி. கதவு திறந்துதான் இருந்தது. அவர் தனியாகத்தான் இருந்தார். உங்கள் பட்டறை இரண்டு மாடி கீழே. நீங்கள் வேண்டாம் என்று சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கடிதத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.